மூன்று முயல், ஒரு நண்டு, ஒரு சொட்டு ரத்தம்: மருந்துச் சோதனையில் விலங்குக்கு மாற்று வந்த கதை

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவருக்கு, மேலே தொங்கும் பாட்டிலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. சொட்டுகளை எண்ணி அலுத்த பிறகு லேபிளைப் படிக்கத் தொடங்குவோம். உப்பு இத்தனை கிராம், சர்க்கரை இத்தனை கிராம், காலாவதித் தேதி. அதற்கெல்லாம் கீழே பொடி எழுத்தில் இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று 'ஸ்டெரைல்'. கிருமி இல்லாதது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று 'பைரோஜன்' இல்லாதது என்று சொல்லும். பைரோஜன் என்றால் என்ன, அது இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

விலங்குகளின் மீது மருந்துச் சோதனை செய்வதை விட்டுவிட்டு நவீன மாற்று முறைகளுக்குப் போகலாமா என்ற பேச்சு இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. அந்தப் பேச்சில் 'எல்லாவற்றையும் இன்றே நிறுத்து' என்று ஒரு குரல், 'விலங்கு இல்லாமல் மருந்தே இல்லை' என்று ஒரு குரல். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் விஷயத்தைப் புரிந்துகொள்ள, அந்தப் பாட்டில் லேபிளின் இரண்டாவது சொல்லைப் பின்தொடர்ந்து போவதே நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு விலங்குச் சோதனை எப்படிப் பிறந்தது, எப்படி விலகியது, ஏன் அதற்கு இவ்வளவு காலம் பிடித்தது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

கொதிக்கவைத்தாலும் போகாத ஒன்று

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நரம்பில் ஊசி போடும் பழக்கம் பரவியபோது ஒரு தொல்லையும் கூடவே வந்தது. மருந்து சரியானதுதான், தண்ணீரும் காய்ச்சியதுதான். ஆனால் ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் நோயாளிக்கு உடம்பு தூக்கிப்போடும், குளிர் நடுக்கும், காய்ச்சல் ஏறும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். 'ஊசிக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1923இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஃபுளோரன்ஸ் சைபர்ட் காரணத்தைக் காட்டினார். குற்றவாளி மருந்து அல்ல, தண்ணீர். வாலைவடித்த நீர் என்று நம்பிய நீரிலேயே பாக்டீரியாவின் மிச்சங்கள் இருந்தன. நீர் கொதிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகள் ஆவியோடு ஒட்டிக்கொண்டு அந்த மிச்சங்களை மறுபக்கம் கடத்தியிருந்தன. தெறிக்கும் துளிகளைத் தடுக்க வடிகலத்தில் ஒரு தடுப்பையும் அவரே அமைத்தார். (காசநோய்க்குக் கையில் ஊசி போட்டு, தடிக்கிறதா என்று பார்க்கும் மான்டூ டெஸ்ட் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதில் பயன்படும் புரதத்தைத் தூய்மைப்படுத்தியவரும் இதே சைபர்ட்தான்.)

பாம்பைக் கொன்றாலும் பல்லில் விஷம் இருக்கும் என்பார்கள். பாக்டீரியா விஷயமும் அப்படித்தான். ஒருவகை பாக்டீரியாக்களின் வெளித்தோலில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் என்டோடாக்சின். கொதிக்கவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், இந்தத் தோல்துண்டு அப்படியே இருக்கும். அறுவைக் கருவிகளைப் போட்டு எடுக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவிக்கும் அது அசையாது. கண்ணாடிப் புட்டியிலிருந்து அதை எரித்துப் போக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரைமணி நேரம் வேண்டும். ஆகவே ஒரு பாட்டில் முழுக்க முழுக்கக் கிருமியற்றதாக இருந்தும் காய்ச்சலைக் கொடுக்கலாம். நம் குடலில் இந்தப் பொருள் ஏராளமாக இருக்கிறது, அங்கே அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ரத்தத்துக்குள் நேராகப் போனால்தான் உடம்பு அதை எதிரிப்படை என்று எடுத்துக்கொண்டு நெருப்பு மூட்டுகிறது. அளவு கூடினால் அதிர்ச்சி, மரணம் வரைக்கும் போகும். காய்ச்சலைக் கொண்டுவரும் இப்படிப்பட்ட பொருள்களுக்குப் பொதுப்பெயர்தான் பைரோஜன்.

முயலிடம் கேட்ட கேள்வி

தண்ணீரில் எது இருக்கிறது என்று தெரியாத காலத்தில், இருக்கிறதா இல்லையா என்று அறிய ஒரே வழி இன்னொரு உடம்புக்குள் செலுத்திப் பார்ப்பது. சுண்டெலி உதவாது. மனிதனைப் படுக்கவைக்கும் அளவு என்டோடாக்சினை அது சாதாரணமாகத் தாங்கிக்கொள்ளும். முயலின் உடம்பு இந்த ஒரு விஷயத்தில் நம் உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. 1942இல் அமெரிக்க மருந்துத் தரநூலில் முயல் சோதனை இடம்பெற்றது. மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன.

சோதனை இப்படி. மூன்று முயல்களைக் கழுத்து அசையாதபடி பெட்டியில் நிறுத்துவார்கள். ஆசனவாயில் வெப்பமானி. காதின் நரம்பு வழியே மருந்து ஏறும். மூன்று மணி நேரம் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். எந்த முயலுக்கும் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறவில்லை என்றால் அந்த பேட்ச் தேறியது. ஏறினால் இன்னும் ஐந்து முயல்கள். பெரும்பாலும் முயல் சாகாது. ஓய்வு கொடுத்து மறுபடி அதே பெட்டியில் நிறுத்துவார்கள்.

குறைகளும் இருந்தன. பயந்தாலே முயலுக்குச் சூடு ஏறும். உடல் வெப்பத்தைத் தானே குறைக்கிற மருந்தை இப்படிச் சோதிக்க முடியாது, காய்ச்சல் இருந்தாலும் மறைந்துவிடும். ஸ்கேனுக்காகக் கொடுக்கும் கதிரியக்க மருந்துகளில் சில, முயலின் மூன்று மணி நேரம் முடிவதற்குள் பாதிக்கும் மேல் கரைந்துவிடும். இவ்வளவுக்கும் கிடைக்கும் பதில் 'ஆமாம்' அல்லது 'இல்லை'. எவ்வளவு இருக்கிறது என்று முயல் சொல்லாது.

இங்கே சற்று நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். முயலிடம் நாம் கேட்டது எது? 'இந்தத் திரவத்தில் காய்ச்சல் தரும் பொருள் இருக்கிறதா?' என்ற மிகக் குறுகிய ஒரே கேள்வி. அந்தப் பொருள் எது, அது உடம்பில் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று தெரியாத வரைக்கும் முழு முயல் தேவைப்பட்டது. தெரிந்துவிட்டால் கதவை மட்டும் வைத்துக்கொண்டு சோதிக்கலாம். மாற்று முறை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இந்தக் கணக்குதான்.

நீல ரத்தம்

பதில் வந்த இடம் கடல். 1956இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் ஃபிரெடரிக் பேங் என்பவர் குதிரைலாட நண்டுக்குள் கடல் பாக்டீரியாவைச் செலுத்தியபோது, அதன் ரத்தம் கூழாக உறைந்துபோனதைப் பதிவுசெய்தார். பெயரில்தான் நண்டு, உறவுமுறையில் அது சிலந்தி, தேள் பக்கம். ரத்தம் நீல நிறம், ஏனென்றால் இரும்புக்குப் பதில் செம்பு ஆக்சிஜனைச் சுமக்கிறது. கிருமியைப் பிடித்துக்கொள்ள நமக்கு இருப்பது போன்ற எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி) அதற்குக் கிடையாது. பாக்டீரியா மண்டிய சேற்றில் காலங்காலமாகப் பிழைத்து வந்த அந்த உயிர் ஒரு முரட்டு வழியைக் கையாள்கிறது. என்டோடாக்சின் பட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைத்து, கிருமியை அங்கேயே சிறைப்பிடித்துவிடும்.

ரத்தவியல் மருத்துவர் ஜாக் லெவின் பேங்குடன் சேர்ந்தார். நண்டின் ரத்த அணுக்களை உடைத்து எடுத்த சாறே போதும், கண்ணாடிக் குழாயில் உறையும் என்று 1960களில் இருவரும் காட்டினார்கள். மருந்தையும் சாறையும் குழாயில் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும். கெட்டியாக நின்றால் என்டோடாக்சின் இருக்கிறது, வழிந்தால் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1977இல் இதற்கு உரிமம் கொடுத்தது. முயலைவிட வேகம், முயலைவிட நுட்பம், எவ்வளவு என்ற எண்ணும் கிடைக்கும். முயல் அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

இது விலங்குக்கு மாற்றா? 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் ஒரு அளவுகோலைக் கொடுத்தார்கள். இன்றும் ஆய்வகங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முடிந்தால் விலங்கை விட்டுவிட்டு வேறு வழியால் மாற்று. முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. அதுவும் முடியாவிட்டால் நோவைத் தணி. நண்டுச் சாறு வந்ததில் முயலுக்கு விடுதலை, நண்டுக்கு வேலை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஆண்டுக்குப் பல லட்சம் நண்டுகளைப் பிடித்து, ரத்தத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கடலில் திரும்ப விடுகிறார்கள். அவற்றில் நூற்றுக்குப் பதினைந்து இறக்கும் என்பது அங்குள்ள மீன்வள ஆணையம் வைத்திருக்கும் கணக்கு. டெலவேர் விரிகுடாவில் அந்த நண்டு முட்டைகளைத் தின்று பலம் ஏற்றிக்கொண்டு ஆர்க்டிக் வரை பறக்கும் செம்மார்பு உள்ளான் என்ற பறவை, 2014இல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளானவற்றின் பட்டியலில் சேர்ந்தது. நண்டைத் தூண்டில் இரைக்காகவும் ஏராளமாகப் பிடித்தார்கள், பழி முழுவதையும் மருந்துத் தொழிலின் தலையில் போட முடியாது. ஆனாலும் கணக்கில் அதுவும் உண்டு. நம் ஒடிசா, வங்காளக் கரைகளிலும் இந்த உயிரின் இரண்டு இனங்கள் உண்டு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது.

சிங்கப்பூர்ச் சேறு

அடுத்த அடியை எடுத்தவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியாக் லிங் டிங், போ ஹோ தம்பதியர். 1980களில் சோதனைக்குழாய்க் கருக்கள் பிழைக்காமல் போவது ஏன் என்று மருத்துவமனையில் குழம்பியபோது, கருவை வளர்க்கும் திரவத்தில் என்டோடாக்சின் இருக்குமோ என்ற சந்தேகம் இவர்களை இந்தப் பாதைக்குள் இழுத்தது. அமெரிக்க நண்டுச் சாறு விலை அதிகம். சிங்கப்பூரின் அலையாத்திச் சேற்றிலேயே உள்ளூர்க் குதிரைலாட நண்டு இருந்தது.

உறைதல் என்பது ஒரு சங்கிலி. முதல் கண்ணியில் ஒரு புரதம் என்டோடாக்சினை அடையாளம் கண்டு விழித்துக்கொள்கிறது, அது அடுத்ததை எழுப்புகிறது, அப்படியே போய் ரத்தம் உறைகிறது. அந்த முதல் காவலாளியின் பெயர் ஃபேக்டர் சி. அது தெரிந்த பின் முழு நண்டு எதற்கு? அந்தப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் எடுத்து, வேறொரு செல்லுக்குள் வைத்துத் தயாரித்தால் போதுமே. பேச எளிது. ஈஸ்ட்டில் வைத்துப் பார்த்தார்கள், உருப்படியாக வரவில்லை. கடைசியில் பூச்சியின் செல்கள் கைகொடுத்தன. என்டோடாக்சின் பட்டதும் ஒளிரும்படி அந்தப் புரதத்தோடு ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் கருவியே எண்ணைப் படித்துவிடும். 2003இல் இது கடைக்கு வந்தது. இன்சுலினும் ஏற்கெனவே இதே தடத்தில் வந்ததுதான். பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்த இன்சுலின், 1982 முதல் மனித மரபணு ஏற்றிய பாக்டீரியாவிலிருந்து வருகிறது.

2003இல் வந்த பொருளைக் கொண்டு சோதித்த ஒரு புதிய மருந்துக்கு எஃப்டிஏ ஒப்புதல் கிடைத்தது 2018இல். அது ஒற்றைத் தலைவலிக்கான ஊசி. ஐரோப்பியத் தரநூலில் இந்த முறைக்கென்று தனிப்பகுதி நடைமுறைக்கு வந்தது 2021இல், அமெரிக்கத் தரநூலில் 2025இல். அறிவியல் வந்துசேர்ந்த பிறகு காகிதம் வந்துசேர இருபது ஆண்டு! எனக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சோதனை ஒரு பேட்சைத் தவறவிட்டால் அடிபடுவது நோயாளி. நீண்ட காலம் இந்தப் புரதத்தை ஒரே நிறுவனம்தான் விற்றது, அது கைவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் மருந்துக் கம்பெனிகளுக்கு இருந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் பழைய முறை, புதிய முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்போகிறதா என்று காட்டியாக வேண்டும். ஏற்றுமதி செய்பவருக்கு ஒரு நாடு ஒப்புக்கொண்டால் போதாது, எல்லா நாடும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாடு முயலைக் கேட்டாலும் முயல் அறை இருந்தே தீரும்.

நம் ரத்தத்தையே கேட்டால் என்ன

நண்டுக்கும் அதன் புரதத்துக்கும் ஒரு குறை பொது. இரண்டும் என்டோடாக்சினை மட்டும்தான் பார்க்கும். காய்ச்சல் தரும் பொருள்களில் அது முதன்மையானது, ஆனால் ஒரே ஒன்று அல்ல. வேறுவகை பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் துண்டுகளும் காய்ச்சல் தரும். முயலின் உடம்பு அதையும் காட்டிக்கொடுத்தது. முயல் முழுதாக ஓய்வுபெறாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம்.

காய்ச்சல் எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் மோனோசைட் என்று ஒருவகை உண்டு. பைரோஜன் பட்டதும் அவை சில செய்திப் புரதங்களைக் கக்கும். அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும் உடம்புச் சூடு ஏறும். அப்படியானால் வெப்பமானியில் ஏறும் சூட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரத்ததானம் செய்தவரின் ரத்த அணுக்களை ஒரு தட்டின் குழிகளில் போட்டு, மருந்தைக் கலந்து வைத்து, அந்தச் செய்திப் புரதம் எவ்வளவு வந்திருக்கிறது என்று அளந்தால் போதும். ஜெர்மனியில் ஹார்ட்டுங், வெண்டல் இருவரும் 1995இல் இதை முன்வைத்தார்கள். மோனோசைட் தூண்டல் சோதனை என்று பெயர். மனிதனுக்குக் காய்ச்சல் வருமா என்ற கேள்விக்கு மனித அணுவே பதில் சொல்கிறது. விலங்கின் இடத்தில் எதையோ வைத்து ஒப்பேற்றுவதாக இதைப் பார்க்கக் கூடாது. முயலைவிட நேரான சாட்சி இது.

ஐரோப்பியத் தரநூலில் முயல் சோதனையைக் கேட்டுக்கொண்டிருந்த 57 பகுதிகளைத் திருத்த 2024இல் முடிவெடுத்தார்கள். 2025 ஜூலை முதல் அந்த நூலின் எந்தப் பகுதியும் முயலைக் கேட்பதில்லை.

எளிய கேள்வி, கடினமான கேள்வி

இதே கதை சின்ன அளவில் மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிறது. 1920களின் கடைசியில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்று அறிய, அவள் சிறுநீரைச் சுண்டெலிகளுக்குள் செலுத்தி, சில நாள் கழித்து அவற்றை அறுத்துச் சினைப்பையைப் பார்த்தார்கள். பின்னர் முயல், அதன் பின் ஆப்பிரிக்கத் தவளை. தவளை மட்டும் அதிர்ஷ்டசாலி, அறுக்க வேண்டாம், முட்டையிட்டாலே பதில் வந்துவிடும். சிறுநீரில் இருக்கும் எந்த ஹார்மோன் இதைச் செய்கிறது என்று தெரிந்து, அதைப் பிடிக்கும் எதிர்ப்புரதமும் கைக்கு வந்த பிறகு தவளை எதற்கு? இன்று ஒரு பட்டை, இரண்டு கோடு, ஐந்து நிமிடம்.

எது எளிதில் மாறியது என்று இப்போது தெரிகிறது. கேள்வி குறுகியதாக, தேடும் பொருள் தெரிந்ததாக இருந்த இடங்களில் விலங்கு விலகியது. ஆனால் ஒரு புத்தம்புது மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு விலங்கிடம் நாம் கேட்பது வேறு மாதிரியான கேள்வி. 'இதனால் எங்காவது ஏதாவது கெடுதல் வருமா?' என்ன கெடுதல், எந்த உறுப்பு, எத்தனை நாள் கழித்து என்று கேட்பவருக்கே தெரியாது. மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உருமாறி, அந்த உருமாறிய பொருள் இதயத்தில் போய் வேலையைக் காட்டலாம். தட்டின் குழியில் இருக்கும் ஒரு செல் இதைச் சொல்லாது.

விலங்கைக் கேட்கும் பழக்கம் சட்டமானதும் ஒரு பெருந்துயரத்தால்தான். 1937இல் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் சேர்த்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். விற்கும் முன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938இல் வந்தது. (அதே நஞ்சு இருமல் மருந்தில் கலந்து குழந்தைகள் சாவதை நாமும் அண்மையில் பார்த்தோம். இன்று அதைக் கண்டுபிடிக்க எந்த விலங்கும் வேண்டாம், ஒரு வாயு நிறப்பிரிகைக் கருவி போதும். சோதிக்க மனம்தான் வேண்டும்.)

விலங்கு சொன்ன பதில் எப்போதும் நமக்குப் பொருந்துமா? தாலிடோமைடு எலிக் குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும், முயல் குட்டிகளையும் மனிதக் குழந்தைகளையும் ஊனமாக்கும். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன் 1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். ஆறு இளைஞர்கள். குரங்குகளுக்குக் கெடுதல் செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், காய்ச்சல் எனத் தொடங்கி ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள், ஒருவர் விரல்களை இழந்தார். பின்னர் ஆராய்ந்தபோது காரணம் புரிந்தது. அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் ஒருவகை வெள்ளை அணுக்களில், மனிதனுக்கு இருக்கிறது. அந்தக் குரங்கின் அதே வகை அணுக்களில் இல்லை. மனித ரத்த அணுக்களைத் தட்டில் வைத்து, மருந்தை அடியில் பூசிச் செய்த சோதனை பிறகு, செய்திப் புரதங்கள் ஒரேயடியாகக் கொட்டும் அந்தப் புயலைக் காட்டியது. முயலுக்குப் பதில் வந்த அதே வகைச் சோதனையின் உறவுக்காரன்தான் அதுவும்.

அதற்காக விலங்குச் சோதனை எல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. வெளியே வராமலே நின்றுபோன கொடிய மருந்துகளின் பெயர் நமக்குத் தெரியாது, அவற்றை நிறுத்தியவை எலியும் நாயும்தான்.

சில்லுக்குள் ஒரு நுரையீரல்

கடினமான கேள்விக்கு இப்போது தேடிக்கொண்டிருக்கும் பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது உறுப்புச் சில்லு. ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பரும் டான் ஹுவும் 2010இல் வெளியிட்ட நுரையீரல் சில்லு, பென் டிரைவ் அளவுக்கு ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர். உள்ளே மேலும் கீழுமாக இரண்டு வாய்க்கால், நடுவில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. சவ்வின் ஒருபக்கம் மனித நுரையீரல் செல்கள், அவற்றின் மேல் காற்று. மறுபக்கம் ரத்தக் குழாய்ச் செல்கள், அவற்றின் மேல் ரத்தம் போல ஓடும் திரவம். இருபுறமும் உள்ள அறைகளில் காற்றை உறிஞ்சி விட்டால் சவ்வு விரிந்து சுருங்கும். அதாவது சில்லு மூச்சு விடும். சும்மா தட்டில் கிடக்கும் செல்லுக்கும் இழுபட்டு, ஓட்டத்தில் நனைந்து வாழும் செல்லுக்கும் நடத்தையில் நிறைய வித்தியாசம் உண்டு. அதைப் பிடித்ததுதான் இதன் சாமர்த்தியம்.

2022இல் கல்லீரல் சில்லு ஒன்றின் முடிவு வந்தது. கல்லீரலைக் கெடுக்குமா கெடுக்காதா என்று மனிதர்களில் ஏற்கெனவே தெரிந்துவிட்ட 27 மருந்துகளை 870 சில்லுகளில் ஓட்டினார்கள். கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைச் சில்லு பிடித்தது, நல்ல மருந்து எதையும் தவறாகக் குற்றம் சாட்டவில்லை. அந்த மருந்துகள் விலங்குச் சோதனையைத் தாண்டி மனிதர் வரை வந்தவை என்பதுதான் இதில் முக்கியம். சில்லைத் தயாரிக்கும் நிறுவனமே முன்னின்று நடத்திய ஆய்வு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு பாதை, தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த சாதாரண செல்லைப் பின்னோக்கித் திருப்பி எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய மூலச்செல்லாக மாற்றுவது. ஜப்பானின் யாமனாக்கா 2007இல் இதை மனித செல்லில் செய்து காட்டினார். நோயாளியின் சொந்த செல்லிலிருந்தே சின்னஞ்சிறு குடல், சிறுநீரக உருண்டைகளை வளர்த்து மருந்தைப் போட்டுப் பார்க்கலாம். கணினிக் கணிப்புகளும் உண்டு. அழகுசாதனப் பொருள்களுக்குத் தட்டில் வளர்த்த மனிதத் தோல் எப்போதோ வந்துவிட்டது, இந்தியா 2014இலேயே அவற்றுக்கான விலங்குச் சோதனைக்குத் தடை போட்டுவிட்டது.

இவற்றை 'விலங்கே இல்லாத முறை' என்று விளம்பரம் செய்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. இந்த செல்களில் பலவற்றுக்கு ஆய்வகத்தில் ஊட்டும் உணவு, பசுவின் வயிற்றுக் கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். உறுப்பு உருண்டைகள் வளரும் கூழ்ப் படுக்கை எலியின் புற்றுக்கட்டியிலிருந்து வருகிறது. அவற்றுக்கும் மாற்று தேடும் வேலை தனியாக நடக்கிறது. கருவில் வளரும் குழந்தைக்கு மருந்து என்ன செய்யும், நடத்தையும் நினைவும் எப்படி மாறும், இரண்டு வருடம் தின்றால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் முழு விடை தரும் சில்லு இன்னும் இல்லை.

சட்டம் நகரத் தொடங்கிவிட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்கா, மனிதர்களிடம் போகும் முன் விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்று பொருள்பட்ட சட்ட வாசகத்தை மாற்றி, செல் சோதனை, உறுப்புச் சில்லு, கணினி மாதிரி ஆகியவற்றையும் சான்றாக ஏற்றது. இந்தியாவும் 2023 மார்ச்சில் புதிய மருந்து விதிகளைத் திருத்தி இதே கதவைத் திறந்தது. கட்டாயம் போய்விட்டது, தடை வரவில்லை. 2025 ஏப்ரலில் எஃப்டிஏ படிப்படியாக விலங்கைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தபோது முதலில் எடுத்துக்கொண்டது, ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் மோனோக்ளோனல் எதிர்ப்புரத மருந்துகளை. டிஜிஎன் 1412 அந்த வகைதான். மனித இலக்கைத் தேடிப் பிடிக்கும்படி செய்த மருந்தைப் பற்றி குரங்கின் சாட்சியம் எவ்வளவு மெலிந்தது என்று லண்டனில் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

அடுத்து யார் ஓய்வுபெற வேண்டும் என்று என்னைக் கேட்டால், வெறிநாய்க்கடித் தடுப்பூசியைச் சோதிக்கும் சுண்டெலியைச் சொல்வேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த தடுப்பு மருந்து. இப்போது வருவது தட்டில் வளர்த்த செல்லில் செய்தது, கையில்தான் போடுகிறார்கள். தயாரிப்பிலிருந்து ஆடு போய்விட்டது. ஆனால் அந்த ஊசிக்கு வீரியம் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பட்ட பழைய சோதனையில், சுண்டெலிகளுக்குத் தடுப்பூசியை வெவ்வேறு அளவில் ஒரு வார இடைவெளியில் இருமுறை போட்டு, பதினான்காம் நாள் மூளைக்குள் நேராக வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, எத்தனை சாகின்றன என்று இன்னும் இரண்டு வாரம் எண்ணுவார்கள். இங்கேயும் கேள்வி குறுகியதுதான். கிருமியின் மேலுறைப் புரதம் சரியான வடிவத்தில், சரியான அளவில் மருந்தில் இருக்கிறதா? அந்த வடிவத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதங்களை வைத்துச் சில மணி நேரத்தில் அளக்கும் முறையைப் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஒப்பிட்டுச் சரிபார்த்து வருகின்றன. எலிச் சோதனை எவ்வளவு துல்லியம் என்கிறீர்களா? விதிப்படி அதன் பிழை எல்லை 25 முதல் 400 சதவீதம் வரை இருக்கலாம். வீரியம் நான்கு என்று எலி சொன்னால், உண்மையில் அது ஒன்றாகவும் இருக்கலாம், பதினாறாகவும் இருக்கலாம்.